பனிமனிதன் (நாவல்) – ஒரு மதிப்பீடு

பனிமனிதன், ஜெயமோகன் எழுதிய இளையோருக்கான மிகுபுனைவு நாவல். 1990களின் இறுதியில் தினமணி நாளிதழின் இணைப்பான சிறுவர்மணியில் தொடராக வந்து, பின்னர் நூலாக வெளியாயிற்று. இமயமலையில் வாழ்வதாகச் சொல்லப்படும் 'யதி' என்னும் பனிமனிதனைத் தேடிச் செல்லும் மூவரின் பயணமே கதை. பதின்பருவ வாசகர்களுக்கு இன்றும் பரிந்துரைக்கப்படும் தமிழ் நூல்களில் இதுவும் ஒன்று. அதேவேளையில், விரும்பிப் படிப்பவர்களுக்கும் சில இடங்களில் தயக்கம் தரும் நூல் இது. அந்த விருப்பத்துக்கும் தயக்கத்துக்கும் உரிய காரணங்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. நூலை இனிமேல் படிக்க இருப்பவர்களுக்காக நாவலின் முடிவு இங்கே சொல்லப்படவில்லை.

வெளியீட்டுச் சூழல்

தமிழில் குழந்தைகளுக்கான மாயக்கதைகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1947இல் தொடங்கிய அம்புலிமாமா விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் வீடுதோறும் கொண்டுசேர்த்தது. 1960இல் தினத்தந்தியில் தொடங்கிய கன்னித்தீவு படக்கதை சிந்துபாத்தை முடிவில்லாமல் அலையவிட்டது. வாண்டுமாமா தம் கதைகளில் மந்திரவாதிகளையும் அறிவியல் விந்தைகளையும் ஒன்றாகக் கலந்து தந்தார்.

ஆனால் பதின்மூன்று வயதைத் தாண்டியவருக்கு என்ன தருவது என்ற கேள்விக்குத் தமிழில் தெளிவான விடை இருந்ததில்லை. நூலகங்களில் ஒரு பக்கம் 'சிறுவர் நூல்கள்' இருக்கும். மறுபக்கம் பெரியவர்களுக்கான நாவல்கள் இருக்கும். எட்டாம் வகுப்பு மாணவர் முதல் அடுக்கைக் கடந்துவிடுகிறார். இரண்டாவது அடுக்கில் கல்கியையும் சாண்டில்யனையும் எடுக்கிறார், அல்லது படிப்பதையே விட்டுவிடுகிறார். இடைப்பட்ட வயதுக்குரிய அந்த இடத்தில்தான் பனிமனிதன் வந்து நிற்கிறது. சிறுவர் இணைப்பில் வெளிவந்தாலும், உண்மையில் இது எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு உரிய நூல்.

கதை அமைப்பு

இராணுவ அதிகாரி பாண்டியன், ஆய்வாளரான டாக்டர் திவாகர், கிம் என்னும் மலைச் சிறுவன் ஆகிய மூவரும் கதையின் முதன்மைப் பாத்திரங்கள். பனியில் காணப்பட்ட ஒரு பெரிய காலடித் தடம் இவர்களை ஒன்றுசேர்க்கிறது. பனிமலைகளில் ஆபத்துகளைக் கடந்து செல்லும் இவர்கள், மனிதரைப் போன்றும் மனிதரல்லாதவரைப் போன்றும் இருக்கும் யதிகளின் உலகத்தைக் காண்கிறார்கள்.

மூவரும் மூன்று விதமான பார்வைகளைச் சுமந்து வருகிறார்கள். பாண்டியன் கண்ணால் கண்டதை நம்புபவர், செயலில் இறங்குபவர். திவாகர் கேள்வி கேட்பவர். பரிணாமக் கொள்கையைக் கொண்டு எதையும் விளங்கிக்கொள்ள முயல்பவர். கிம் பௌத்த மரபில் ஊறிய நம்பிக்கை உள்ளவன். சிறுவன் கிம், துறவி, மலைப்பயணம் என்ற சேர்க்கை 1901இல் வெளிவந்த ருட்யார்ட் கிப்ளிங்கின் 'கிம்' நாவலை நினைவூட்டும். ஆனால் கிப்ளிங்கின் கிம் பேரரசின் ஒற்றனாகப் பழகுகிறான். இந்தக் கிம்மின் பாதை உள்முகமானது.

நாவலின் சிறப்புகள்

முதற்சிறப்பு, கதை எழுப்பும் கேள்வி. சாகசக் கதைகளில் பெரும்பாலும் புதையல் எங்கே, எதிரி யார் என்பவையே கேள்விகளாக இருக்கும். இந்த நாவலில் 'மனிதன் என்றால் யார்?' என்பதே கேள்வி. மனிதன்தான் பரிணாமத்தின் உச்சி என்ற எண்ணத்தைப் பள்ளிப் பாடப் படங்கள் மறைமுகமாக ஊட்டிவிடுகின்றன. குரங்கு மெல்ல மெல்ல நிமிர்ந்து மனிதனாக நடந்துபோகும் அந்தப் படத்தைப் பார்க்காத மாணவர் இல்லை. வேறொரு கிளையாக வளர்ந்த உயிரினம் மனிதரைவிட மேலான மனநிலையை அடைந்திருக்கக் கூடாதா என்று நாவல் கேட்கிறது. பதினான்கு வயதில் இந்தக் கேள்வியைச் சந்திக்கும் ஒருவர் அதன்பின் அந்தப் படத்தைப் பழைய கண்ணோடு பார்க்க முடியாது.

இரண்டாவது, மொழி. அதே காலத்தில் 'விஷ்ணுபுரம்' (1997) போன்ற அடர்த்தியான நாவலை எழுதியவர், இதில் சிறிய வாக்கியங்களையும் பழகிய சொற்களையும் கொண்டே கனமான கருத்துகளைச் சொல்கிறார். உரையாடல் வழியாகக் கதை நகர்வதால் வாசிப்புப் பழக்கம் குறைந்தவரும் தடுமாறாமல் தொடரலாம். குழந்தைகளிடம் பேசுவதாக எண்ணிக் குரலை இளக்கிக்கொள்ளும் வழக்கமும் இதில் இல்லை.

மூன்றாவது, இளம் வாசகரின் அறிவின்மீது எழுத்தாளர் வைத்திருக்கும் மரியாதை. இதெல்லாம் இந்த வயதுக்குப் புரியுமா என்று தயங்காமல் பரிணாமம், ஆழ்மனம், மறுபிறப்பு பற்றிய நம்பிக்கை என எல்லாவற்றையும் அவர் முன்வைக்கிறார். நீதிபோதனையைக் கதையின் வாலில் கட்டித் தொங்கவிடும் நூல்களையே பார்த்துப் பழகிய மாணவருக்கு இது புதிய அனுபவம்.

தகவலும் கற்பனையும்

கதைக்கு நடுவே அறிவியல், வரலாறு, பௌத்தம் பற்றிய கட்டமிட்ட தகவல் குறிப்புகள் இடம்பெற்றது இந்நாவலின் தனி அமைப்பு. தொடர் வெளிவந்த காலத்தில் கலைக்களஞ்சியம் இருந்த வீடுகள் மிகக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை பள்ளி நூலகமும் பூட்டியிருக்கும். அந்த நிலையில் இக்குறிப்புகள் ஒரு சிறு நூலகத்தின் வேலையைச் செய்தன.

இன்று இதே அமைப்பு இருவிதமான சிக்கல்களைத் தருகிறது. ஒன்று, கதை விறுவிறுப்பாகப் போகும்போது குறிப்புகள் ஓட்டத்தை இடைமறிக்கின்றன. மற்றொன்று சற்றுப் பெரிய சிக்கல். உண்மைத் தகவல்களுக்குப் பக்கத்திலேயே கற்பனையும் இருப்பதால், அந்தக் கற்பனைக்கும் உண்மையின் சாயல் வந்துவிடுகிறது. யதி உண்மையாகவே இருக்கிறது என்ற நம்பிக்கையோடு நூலை மூடும் மாணவர்கள் உண்டு. இவர்களுக்காக, யதி பற்றிய உண்மைகளை ஒருமுறை வரிசைப்படுத்துவது பயன்படும்.

1921இல் எவரெஸ்ட் பகுதியை ஆராயச் சென்ற பிரிட்டிஷ் குழு பனியில் விசித்திரமான தடங்களைக் கண்டது. அச்செய்தியிலிருந்தே பனிமனிதன் என்ற பெயர் உலக நாளிதழ்களில் பரவியது. 1951இல் எரிக் ஷிப்டன் மென்லுங் பனியாற்றில் எடுத்த காலடிப் படம், பக்கத்தில் வைத்த பனிக்கோடரியோடு உலகப் புகழ் பெற்றது. 1960இல் எட்மண்ட் ஹிலாரி தலைமையிலான குழு, நேபாளத்தின் கும்ஜுங் மடாலயத்தில் யதியின் உச்சந்தலைத் தோல் என்று பாதுகாக்கப்பட்ட பொருளை ஆராயக் கொண்டுசென்றது. அது ஆட்டினத்தைச் சேர்ந்த சீரோ என்னும் மலைவிலங்கின் தோலால் செய்யப்பட்டது என்று தெரிந்தது. 2017இல் யதியுடையவை எனப்பட்ட ஒன்பது மாதிரிகளின் மரபணுக்கள் சோதிக்கப்பட்டன. அவற்றில் எட்டு, கரடிகளுடையவை, ஒன்று, நாயினுடையது.

ஆயினும் ஆசை அடங்கவில்லை. மகாலு முகாம் அருகே 32 அங்குல நீளமும் 15 அங்குல அகலமும் கொண்ட யதியின் காலடித் தடங்களைத் தன் மலையேற்றக் குழு கண்டதாக 2019 ஏப்ரலில் இந்திய இராணுவமே டுவிட்டரில் படம் வெளியிட்டது. பெருத்த கேலிக்கும் ஆளானது. இராணுவ அதிகாரி ஒருவர் பனியில் காலடித் தடத்தைத் துரத்தும் கதையை ஏற்கெனவே படித்திருந்த தமிழ் வாசகர்கள் அன்று கொஞ்சம் சிரித்திருப்பார்கள்.

நாவலுக்குப் பின் கிடைத்த சான்றுகள்

யதி இல்லை என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. நாவல் வெளிவந்தபோது யாரும் அறியாத ஒரு செய்தி பின்னர் தெரியவந்தது. சைபீரியாவின் தெனிசோவா குகையில் கிடைத்த ஒரு விரல் எலும்பின் மரபணுவைக் கொண்டு, நியாண்டர்தால் மனிதருக்கும் நமக்கும் உறவான இன்னொரு மனிதக் கூட்டம் வாழ்ந்தது என்பது 2010இல் உறுதியானது. அவர்களைத் தெனிசோவர் என்கிறார்கள். உயர்ந்த மலைகளில் ஆக்சிஜன் குறைந்த காற்றில் வாழத் திபெத்தியருக்கு உதவும் ஒரு மரபணு வடிவம் தெனிசோவரிடமிருந்து வந்தது என்று 2014இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

2019இல் வந்த செய்தி இன்னும் வியப்பானது. திபெத்தியப் பீடபூமியின் ஓரத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,280 மீட்டர் உயரத்தில் உள்ள குகை ஒன்றில் 1980ஆம் ஆண்டு கிடைத்த கீழ்த்தாடை எலும்பு தெனிசோவருடையது என்று அதன் புரதத்தைக் கொண்டு உறுதிசெய்தார்கள். அதன் வயது குறைந்தது 1,60,000 ஆண்டுகள். அந்த எலும்பை முதலில் கண்டெடுத்தவர், தியானம் செய்யக் குகைக்குள் போன ஒரு பௌத்தத் துறவி.

மலை, துறவி, வேறொரு மனித இனம் ஆகிய மூன்றையும் ஒரு கதைக்குள் சேர்த்தது எழுத்தாளரின் கற்பனை. அவை மூன்றும் ஒன்றாக இருந்தது பின்னாளில் தெரியவந்த உண்மை. இதை வைத்து நாவல் முன்கூட்டியே சொல்லிவிட்டது என்று மார்தட்டுவது பொருந்தாது. தெனிசோவர் மறைந்து போனவர்கள், யதியைப் போன்ற பேருருவம் கொண்டவர்கள் என்பதற்கும் சான்று இல்லை. ஆனால் நாவல் எழுப்பிய கேள்வி வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அன்று என்பதற்கு இது நல்ல சான்று.

'நான்' என்னும் சிக்கல்

நாவலின் யதிகளிடம் 'நான்' என்ற தனியுணர்வு இல்லை. அவர்கள் ஒரே மனம்போல வாழ்கிறார்கள். மனிதரின் துன்பத்துக்கும் பேராசைக்கும் வேர் இந்த 'நான்'தான் என்பதே நாவலின் தத்துவ மையம். பௌத்தம் சொல்வதும் இதுவே. தமிழ் வாசகருக்கு இது அந்நியமான கருத்தும் அன்று. திருக்குறளின் துறவு அதிகாரம் இதே நிலத்தில்தான் நடக்கிறது.

இருந்தாலும், படிப்பவரின் வயதை நினைத்தால் ஒரு தயக்கம் எழுகிறது. பதின்பருவம் என்பது ஒருவர் 'நான்' என்று சொல்லக் கற்றுக்கொள்ளும் பருவம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலைபார்க்கும் பெற்றோரின் பிள்ளையாய், குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பத்தாம் வகுப்பு எழுதும் ஒரு மாணவிக்கு, 'எனக்கு இந்தப் பாடம் வேண்டும், நான் இன்னும் படிக்க வேண்டும்' என்று வீட்டில் சொல்வதே பெரிய காரியம். அந்த 'நான்' இன்னும் முளைவிடும் நிலையில்தான் இருக்கிறது. அதைக் கரைத்துக்கொள்வதே மேன்மை என்று ஒரு நூல் சொல்லும்போது, செருக்கை விட வேண்டியவரும் குரலே எழாதவரும் அதை ஒரேவிதமாக எடுத்துக்கொள்வதில்லை.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு. நாவல் தன்னம்பிக்கையைக் கைவிடச் சொல்லவில்லை. இயற்கையின்மீது மனிதர் கொண்டாடும் அதிகாரத்தைத்தான் கேள்வி கேட்கிறது என்று வாதிடலாம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த வேறுபாட்டை நாவல் தெளிவாகப் பிரித்துக் காட்டவில்லை. திவாகரின் நீண்ட விளக்கங்கள் வரும் இடங்களில் மற்றவர்கள் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எதிர்த்துக் கேட்கும் குரல் ஒன்று வலுவாக இருந்திருந்தால் வாசகரும் தம் பங்குக்கு வாதாடியிருப்பார். கேள்வியை எழுப்புவதில் காட்டிய பொறுமையை நாவல் விடை தருவதில் காட்டவில்லை.

மணிமேகலையோடு ஓர் ஒப்பீடு

பயணம் செய்யும் மூவரும் ஆண்கள். மாணவிகளில் பலர் நூலை விரும்பிப் படித்தாலும், தமக்கு ஓர் இடம் இந்தப் பயணத்தில் இல்லை என்பதைக் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள். இமயப் பனியில் பெண்களுக்கு என்ன வேலை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 1984இலேயே பச்சேந்திரி பால் எவரெஸ்ட் உச்சியில் நின்றுவிட்டார்.

இங்கே மணிமேகலையை நினைத்துப் பார்ப்பது பொருந்தும். அதுவும் பௌத்தக் கதை. அதுவும் மாயங்கள் நிறைந்த பயணம். இளம்பெண் ஒருத்தியைத் தெய்வம் தூக்கிச் சென்று மணிபல்லவத் தீவில் விடுகிறது. அவள் தன் முற்பிறப்பை அறிகிறாள். வான்வழிச் செல்லவும் வேற்றுரு எடுக்கவும் மந்திரங்கள் பெறுகிறாள். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. இன்றைய இளையோர் மிகுபுனைவு நாவல்களில் எதிர்பார்க்கப்படும் எல்லாமே அதில் இருக்கின்றன.

இரண்டுக்கும் இடையிலான முக்கிய வேறுபாடு, பயணத்தின் முடிவில் என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது. மணிமேகலை தான் கற்றதை எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறாள், பசித்தவர்களுக்குச் சோறிடுகிறாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றவைக்கிறாள். பிற்பாடு பஞ்சத்தில் வாடும் காஞ்சிக்கும் போகிறாள். 'நான்' கரைந்த இடத்தில் பிறர் பசி தெரிகிறது. பனிமனிதனில் அந்தக் கரைதல் ஒரு தரிசனமாக, அழகிய காட்சியாக நின்றுவிடுகிறது. யதிகளின் உலகத்தைக் கண்டவர் அடுத்த நாள் காலையில் எப்படி வேறுவிதமாக வாழ்வார் என்ற கேள்விக்கு நாவலில் போதிய இடம் இல்லை. இந்த இரு நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் மாணவருக்கு, பௌத்தத்தின் இரு முகங்கள் தெரியவரும்.

தொலைவும் அண்மையும்

மேற்குச் சென்னைப் புறநகரில் வளரும் ஒரு பிள்ளைக்குப் பனி என்பது குளிர்பதனப் பெட்டியின் உறைபெட்டியில் படிவது மட்டுமே. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் பாதுகாப்புப் படைகளின் குடியிருப்புகளும் இருப்பதால், பாண்டியனைப் போன்ற சீருடைக்காரர்களைப் பார்த்திருக்கலாம். லடாக்கிலிருந்து விடுமுறைக்கு வரும் அண்டை வீட்டுக்காரர் சொல்லும் கதையைக் கேட்டிருக்கலாம். மற்றபடி நாவலின் நிலம் முழுக்கத் தொலைவில் உள்ளது. சித்திரை வெயிலில் அந்தப் பனிவெளியைப் படிப்பதே ஒரு சுகம். மிகுபுனைவுக்குத் தொலைவு வேண்டும் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் வியப்பு எப்போதும் வடக்கே, உயரத்தில், எட்டாத இடத்தில்தான் இருக்கிறது என்ற எண்ணமும் கூடவே பதிந்துவிடுகிறது. இந்த வாசகரின் காலடி மண்ணிலேயே நாவலின் கேள்விக்கு உரிய ஒரு சான்று இருக்கிறது. 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கால மனிதரின் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்காலம் பற்றிய ஆய்வு அதிலிருந்து தொடங்கிற்று. அதே ஆண்டில் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகள் கிடைத்தன. சாந்தி பப்பு குழுவினர் அங்கே பல ஆண்டுகள் அகழாய்வு செய்து 2011இல் வெளியிட்ட முடிவின்படி, அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அடுத்த கட்டக் கருவிகள் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு உருவாகத் தொடங்கிவிட்டன என்று 2018இல் அவர்கள் அறிவித்தார்கள்.

15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நம்மைப் போன்ற மனித இனம் உலகில் எங்கும் தோன்றியிருக்கவில்லை. அப்படியானால் அந்தக் கருவிகளைச் செய்த கைகள் வேறொரு மனித இனத்தின் கைகள். அவர்களுடைய எலும்பு எதுவும் அத்திரம்பாக்கத்தில் கிடைக்கவில்லை. அவர்கள் எப்படி இருந்தார்கள், பேசினார்களா, 'நான்' என்று நினைத்தார்களா என்பதற்கு விடை இல்லை. யதியின் காலடித் தடம் எழுப்பிய அதே கேள்விகளைக் கொசத்தலையாற்றுப் படுகையின் ஒரு கூழாங்கல்லும் எழுப்புகிறது. அதற்கு அருகில் உள்ள பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்துதான் கால்வாய் வழியாகப் புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் தண்ணீர் வருகிறது. அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் குழாயைத் திறப்பவர்களுக்கு அந்தப் படுகை அயலூர் அன்று. பூண்டியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகமும் இருக்கிறது. ஆவடியில் புறநகர் ரயில் ஏறித் திருவள்ளூரில் இறங்கினால், அங்கிருந்து சற்று தூரம்தான்.

நாவல் இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. முக்கியமான ஆய்வு முடிவுகள் நாவலுக்குப் பிந்தியவை. தமிழில் அடுத்து எழுதப்படும் இளையோர் மிகுபுனைவு இந்த மண்ணில் கால் ஊன்றலாம் என்பதே இங்கே சொல்ல வேண்டியது.

மதிப்பீடு

பனிமனிதனைப் படிக்கத் தரலாமா என்றால், தயங்காமல் தரலாம். இந்த வயதுக்கு இவ்வளவு பெரிய கேள்வியை நேருக்கு நேர் வைக்கும் தமிழ் நூல்கள் இன்னும் குறைவு. படித்து முடித்தவரிடம் 'கதை பிடித்ததா?' என்று கேட்டு நிறுத்திக்கொள்வது மட்டும் போதாது.

வகுப்பில் இதைப் பேசும் ஆசிரியர் மாணவர்களிடம் மூன்று பட்டியல்களைத் தயாரிக்கச் சொல்லலாம். நாவலில் வரும் செய்திகளில் சான்றுள்ளவை ஒரு பட்டியல். ஆய்வாளர்களின் ஊகமாக இருப்பவை ஒரு பட்டியல். எழுத்தாளரின் கற்பனை ஒரு பட்டியல். மூன்றாவது பட்டியல்தான் நீளமாக இருக்கும், அதில் தவறில்லை. அது கற்பனை என்று தெரிந்தே ரசிப்பதுதான் மிகுபுனைவை வாசிக்கும் முறை. அதன்பின், திவாகர் பேசும் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு அவருக்கு எதிராக வாதாடச் சொல்லலாம். யதிகளின் கூட்டத்தில் ஒரே ஒரு யதிக்கு மட்டும் 'எனக்கு இது பிடிக்கவில்லை' என்று தோன்றினால் அது எங்கே போகும் என்று ஒரு மாணவி கேட்டுவிட்டால், நாவல் விட்டுவைத்த இடத்திலிருந்து அவள் யோசிக்கத் தொடங்கிவிட்டாள் என்று பொருள்.